உறவில்லாதவர்களின் ரத்தம்

இந்த நாட்டில் ரத்தக் குப்பிக்கும் இனம் உண்டு. எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாகக் கோலாலம்பூருக்கு வந்து, ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாளே அதைக் கண்டேன். குப்பியில் ஒட்டும் சீட்டில் பெயருக்குக் கீழே நாலு கட்டம்: மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின். கடைசிக்கு ‘மற்றவர்’ என்று பொருள். என் வேலைப் படிவத்தை நிரப்பிய அலுவலகக் கிராணி, நான் தமிழ் என்றதும் இந்தியாவில் பென்சிலால் கோடு போட்டார். பிறந்த இடத்தைக் கேட்டதும் அதை அழித்து மற்றவரில் போட்டார். ஊரில் என் இனத்தை ராணுவச் சாவடியில் கேட்டார்கள். கேட்டவர்களுக்குப் பதில் முன்பே தெரிந்திருந்தது. இங்கே கேட்டவர் கையில் ரப்பர் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் ஆய்வு டெங்கிக் காய்ச்சல் பற்றியது. ஒருவர் ஒரு வாரத்தில் எழுந்து நடக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ரத்தம் கசிந்து சாகிறார். ஏன்? நோயை எதிர்க்கும் செல்களின் மேல் பரம்பரையாக வரும் சில அடையாளங்கள் ஆளுக்கு ஆள் மாறும். இனத்துக்கு இனம் சில வகை கூடும், சில குறையும். கடுமையாக நோய் கண்டவர்களிடம் ஏதாவது ஒரு வகை கூடுதலாக இருக்கிறதா என்று தேடினோம். இந்திய நோயாளிகளின் ரத்தத்தைக் கிள்ளானில் ஒரு துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் எடுத்தேன். அந்த வருடம் அங்கே வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஒரே வகை அநேகமாக எல்லாரிடமும் இருந்தது. எங்கள் டாக்டர், பினாங்குச் சீனர், நல்ல மனிதர், துள்ளிக் குதித்தார். இந்தியர்களை டெங்கி வாட்டுவது இந்த வகையால்தான் என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க நோய் காணாதவர்களின் ரத்தமும் வேண்டும் என்று மறுபடி அந்தக் குடியிருப்புக்குப் போனபோது, கடைசியாகக் கையை நீட்டியவள் லெட்சுமி. சாலாக் செலாத்தானிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுடைய ஆறு வயது மகன் அந்தக் காய்ச்சலில் போயிருந்தான். வெள்ளைக் கோட்டைப் பார்த்து என்னையும் நர்ஸ் என்றே எண்ணினாள்.

“எடுங்க மிஸ்ஸி. எம்புள்ள செத்தது என் ரத்தத்தாலன்னு மாமியார் சொல்றாங்க. உண்மையா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க.”

“ஏன் உங்கட ரத்தம் எண்டு சொல்லுறா?”

“இந்த லைன்ல நான் ஒருத்திதான் வெளி ஆளு. லவ் மேரேஜ். மத்தவங்க எல்லாம் அண்ணன் தங்கச்சி வழி. மாமன் பொண்ணு, அத்தப் பையன்னு உள்ளுக்குள்ளேயே கட்டிக்கிட்டாங்க.”

எடுத்த ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தேன். ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களிடம்தான் ரத்தம் எடுக்க வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. டாக்டர் பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் வேறொரு பெயர், ஆகவே வேறு குடும்பம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பின்னால் வருவது தகப்பன் பெயர் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே! என் அக்கா கட்டியிருப்பது சொந்த மச்சானை. என் வீட்டில் நடப்பதை அங்கே கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு குடும்பத்தின் ரத்தத்தை எடுத்து அதன்மேல் ஓர் இனத்தின் பெயரை ஒட்டியிருந்தோம். வெட்கத்தில் முகம் சுட்டது.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். “ஆல் டிஃபரன்ட் நேம் லா” என்றார் டாக்டர். காகிதத்தில் அந்த லைன் வீடுகளின் கல்யாணங்களைக் கோடு கோடாக வரைந்து காட்டினேன். அவர் கோடுகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, புதிதாக எடுக்க ஆளுக்கு எங்கே போவது என்றார். நான் எடுக்கிறேன் என்றேன். எடுத்தும் காட்டினேன். ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸ் அறையிலிருந்து பஸ் பிடித்து, கிள்ளான், ஸ்ரீ கெம்பாங்கான் என்று அலைந்தேன். தாத்தா பாட்டி நால்வர் பெயரும் கேட்காமல் ஊசியைத் தொடுவதில்லை. “பொண்ணு பாக்க வந்தீங்களா மிஸ்ஸி?” என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்றிருந்தேன்.

கடைசியில், அந்த வகை நோய் கடுமையானவர்களிடமும் ஆரோக்கியமாக இருந்தவர்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. டாக்டர் கட்டுரையை மேசை டிராயருக்குள் வைத்தார். நான் கிள்ளானுக்குப் போய் லெட்சுமியின் மாமியாருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

“அம்மா, பிள்ளை ஏன் செத்தது எண்டு எங்களுக்குத் தெரியேல்ல. ஆனால் இவவின்ர ரத்தத்தால எண்டு சொல்ல எங்களிட்ட ஒண்டுமில்லை.”

கிழவி மருமகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்ப யாரைத்தான் சொல்றது?” என்று கேட்டு அழுதாள். லெட்சுமி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இடையில் நடந்த ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டேன். ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் முடிவில் இரண்டு பேர் குறைந்தார்கள். யாருக்கும் உறவில்லாதவர்கள் வேண்டும். ஒருத்தி லெட்சுமி. இன்னொருத்திக்கு நான் வெளியே தேடவில்லை. இந்த நாட்டில் எனக்கு மாமனுமில்லை, மச்சானுமில்லை. மற்றவர் என்று பதிந்தவளை இந்தியரில் சேர்க்கலாமா என்று கேட்டேன். “தமிழ்தானே, ஓகே லா” என்றார் டாக்டர். என் படிவத்தை நானே நிரப்பினேன். உறவு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று பேனாவால் எழுதினேன். இனத்துக்குப் பென்சிலை எடுத்தேன். பிறகு என் குப்பியை லெட்சுமியின் குப்பிக்குப் பக்கத்தில் செருகி வைத்தேன்.