வலது கன்னத்தில் மங்கு

கொரோனா முடிந்து சுற்றுலாக்காரர்கள் மறுபடி மலையேறத் தொடங்கிய காலத்தில்தான் என் வலது கன்னத்தில் அது வந்தது. முதலில் பொட்டுப் பொட்டாக இருந்தது. பிறகு காப்பித்தூளைக் கரைத்துத் தடவியது போலப் பரவி மூக்கின் மேலேயும் ஏறியது. இடது கன்னத்தில் அவ்வளவு இல்லை. ஜீப் ஓட்டுகிறவனுக்கு வலது கன்னம்தான் ஜன்னல் பக்கம். மூணாறு பக்கத்துப் பள்ளிவாசல் ஊர் ஸ்டாண்டில் ஆள் ஏற்றி மறையூர் போய்த் திரும்புகிற வரைக்கும் வெயில் அந்தப் பக்கம்தான் அதிகம் விழும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு மங்கு என்று பெயர். பெண்களுக்குப் பிள்ளை உண்டாகும்போது வந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆம்பளைக்கு வந்தால் எங்கள் எஸ்டேட் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஈரல் கெட்டுவிட்டது, குடி முகத்துக்கு வந்துவிட்டது.

நான் குடிப்பதில்லை. குடிக்காததற்குக் காரணம் என் அப்பா. அவர் குடித்தார், கடைசி வருஷங்களில் அவர் முகம் இரண்டு கன்னமும் கறுத்து இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்தால் நான் கக்கூஸ் பக்கம் போய் நின்றுகொள்வேன். அந்த முகம் எனக்கு வரக்கூடாது என்பதற்காகவே நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை. கடைசியில் ஜீப் கண்ணாடியில் அதே முகம் என்னைப் பார்த்தது.

மனைவிக்குக் கவலை. அவள் தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்கிறாள். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கஸ்தூரி மஞ்சளில் குழைத்து என் கன்னத்தில் அப்பினாள். எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றாள். அந்தக் கன்னத்தோடேயே வண்டி எடுத்தேன். சில நாளில் மங்கு இன்னும் கறுத்தது. பிறகு உருளைக்கிழங்குச் சாறு, தயிர். பின்சீட்டில் இருந்த ஒரு குழந்தை, "அம்மா, டிரைவர் அங்கிள்கிட்ட புளிச்ச வாடை வருது" என்று சொன்னதோடு அதையும் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு மறையூரில் இருந்து சம்பந்தம் வந்தது. என் மனைவியின் அக்கா கொண்டுவந்தது. கரும்புத் தோட்டம் உள்ள குடும்பம், பையன் மூணாறில் ஒரு ஹோட்டலில் கணக்கு பார்க்கிறான். மகளும் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் பொருந்தும் என்று எல்லோருக்கும் பட்டது.

பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, நேராக வகிடு எடுத்த தலை, நிதானமான பேச்சு. நான் டீயைக் கொடுக்கக் குனிந்தபோது அவரும் என் பக்கம் சாய்ந்தார். ஏதோ காதில் சொல்ல வருகிறார் என்று நினைத்து நானும் முகத்தைக் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சை மட்டும் மெதுவாக இழுத்தார். பிறகு நிமிர்ந்து டீயை வாங்கிக்கொண்டார்.

அவர் என் வாயை மோந்து பார்த்தார் என்பது எனக்குப் புரிய அந்த டீ ஆறுகிற நேரம் ஆனது. அதற்கு அப்புறம் அந்த அறையில் நான் எங்கே பார்த்தேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை.

மறுநாள் மனைவியின் அக்கா போன் செய்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, மகளும் அங்கேயே இருந்தாள்.

"பொண்ண அவங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா அப்பன்காரரு குடிப்பாரோன்னு ஒரு யோசனை. மூஞ்சி அப்படி இருக்காம். நான் இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணிட்டேன். நம்புன மாதிரி தெரியல."

மகள் எழுந்து உள்ளே போனாள். என் மேல் கோபம் இல்லை அவளுக்கு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த முறை அடிமாலிக்கு ஆள் இறக்கப் போனபோது தெரியாத ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஏறினேன். கடையில் கூட்டம் குறைகிற வரைக்கும் இருமல் மருந்து வரிசையைப் பார்ப்பது போல நின்றேன். பிறகு முகத்தில் கறுப்பு போக ஏதாவது கிரீம் இருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். கடைக்காரப் பையன் நிமிர்ந்து என் கன்னத்தைப் பார்த்தான்.

"ஆருக்கு சேட்டா, மோளுக்கா?"

"ஆமா. மகளுக்குத்தான்."

கன்னத்தை அவனுக்கு எதிரில் வைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னேன். அவன் டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்ன டியூப் கொடுத்தான். பெட்டியில் பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது. நான் படிக்கவில்லை. பெட்டியை ஆற்றில் போட்டுவிட்டு டியூப்பை ஜீப் டாஷ்போர்டுக்குள், பழைய துணிக்கு அடியில் வைத்தேன்.

வீட்டில் போட வெட்கம். காலையில் வண்டியை எடுத்து, சித்திரபுரம் வளைவு தாண்டி நிறுத்தி, கண்ணாடியைத் திருப்பிவைத்துத் தடவிக்கொள்வேன். பிறகு நாள் முழுக்க வெயில். அது ராத்திரியில் மட்டும், டாக்டர் சொல்லித்தான் போட வேண்டிய மருந்து என்று எனக்கு யார் சொல்வார்கள்?

அதிசயம் போல வேலை செய்தது. கொஞ்ச நாளிலேயே கன்னம் தெளிந்தது. ஸ்டாண்டில் இன்னொரு டிரைவர், "என்னண்ணே, மாப்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்றான். மூணாறு மார்க்கெட்டில் பையனின் அப்பாவை எதேச்சையாகப் பார்த்தேன். நானே போய் நின்று, நெருங்கி நின்று, தேவைக்கு மேல் பேசினேன். அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இப்ப நல்லா இருக்கீங்களே அண்ணாச்சி" என்றார். குடியை விட்டுவிட்டான் போல என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் சம்மதம் வந்தது. அந்த டியூப்தான் என் மகள் கல்யாணத்தைப் பேசி முடித்தது என்று நான் மனதார நம்பினேன்.

அதனால் நிறுத்தவே பயமாக இருந்தது. தீரத் தீர வாங்கினேன். மழை வந்து போனது, நான் போட்டுக்கொண்டே இருந்தேன். முகம் கழுவினால் சோப்பு பட்ட இடம் காந்தியது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன. ஷேவிங் பண்ணாத இடத்தில்கூடப் பூனை முடி முளைத்தது. நிச்சயதார்த்தத்துக்குச் சில நாள் இருக்கும்போது டியூப் தீர்ந்தது. அந்தக் கடையில் வேறொரு பெண் இருந்தாள். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றாள். வாதாட எனக்குத் தைரியமில்லை. ஒன்றுமில்லாமல் திரும்பினேன்.

நிறுத்தியதும் முகம் பொங்கியது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. இரண்டு கன்னமும் சிவந்து வீங்கி, மேலே பொரிப்பொரியாகப் பருக்கள், கண்ணோரம்கூடத் தடித்துப் போனது. மனைவி கேட்டாள். பூச்சிக்கடி என்றேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரபுரத்தில் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் நிச்சயம். போட்டோகிராபர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கவலைப்படாதீங்க சார், கம்ப்யூட்டர்ல சரி பண்ணிரலாம்" என்றான். தாம்பூலம் மாற்ற உட்கார்ந்தோம். பையனின் அப்பா என் எதிரில். என் முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி," என்றார் மெதுவாக. ஆனால் மண்டபம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "இன்னைக்கு ஒரு நாளாவது வேண்டாம்னு இருந்திருக்கலாம்."

நான் குடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிறகு முகம் ஏன் இப்படி என்று கேட்பார்கள். கல்யாண வயதில் பெண் இருக்கிற மனுஷன், ஜீப் ஓட்டுகிறவன், வெளுக்கிறதுக்குக் கிரீம் போட்டான் என்று சொல்ல வேண்டும். இரண்டையும் தராசில் வைத்தேன். குடிகாரன் என்ற பேரே பரவாயில்லை என்று எனக்குப் பட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தது ஒப்புக்கொண்டது போல ஆனது. என் மனைவி அழத் தொடங்கினாள்.

மகள்தான் பேசினாள். மணையில் உட்கார்ந்திருந்தவள் எழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"மாமா, எங்கப்பா குடிக்கல. முகத்துல மங்கு இருந்துச்சு. அதுக்கு ஏதோ கிரீம் போட்டிருக்காங்க. அதான் இப்படி ஆயிருச்சு. காலையில பூக்கூடை எடுக்கும்போது வண்டியில காலி டியூப் பார்த்தேன்."

பின்வரிசையில் யாரோ ஒருத்தி சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. அதைத் தொட்டு இன்னும் இரண்டு மூன்று பேர். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் வண்டி ஓட்டும்போது கேட்பதுண்டு. தீ பட்டது போல இருந்த கன்னத்துக்குமேல் இன்னொரு சூடு ஏறியது.

பையனின் அப்பா சிரிக்கவில்லை. "எதுக்குப் போட்டீங்க?" என்றார். "நீங்க மோந்து பார்த்தீங்களே" என்று என் வாயில் வந்துவிட்டது. சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. இப்போது அவர் தலை குனிந்தது. நான் அதில் சந்தோஷப்படவில்லை. இரண்டு கிழவர்கள் எதிரெதிரே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புரோகிதர் கனைத்தார். தட்டை எடுத்து மாற்றிக்கொண்டோம்.

அடுத்த நாள் மகள் லீவு போட்டு என்னைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் மலையாளி அம்மா, தமிழ் நன்றாகப் பேசினார். மகள் கொடுத்த காலி டியூப்பை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"இதில் மூணு மருந்து உண்டு. ஹைட்ரோகுவினோன், கறுப்பைக் குறைக்கும். ட்ரெட்டினாயின், தோலை உரிக்கும். மூணாவது ஸ்டீராய்டு. எரிச்சல், சிவப்பு எல்லாத்தையும் அது அமுக்கி வைக்கும். அதான் உங்களுக்கு ஒண்ணும் தெரியல. நிறுத்தினதும் அமுக்கி வச்சது எல்லாம் வெளியே வந்தது. சில பேருக்குக் கொஞ்ச காலம் நாங்களே கொடுப்போம். ஆனா பார்த்துக்கிட்டே இருப்போம். வெயிலில் போட விடமாட்டோம்."

எலுமிச்சம்பழத்தைப் பற்றி மகள் சொன்னாள். புளிப்பு தோலைப் புண்ணாக்கும், புண் ஆறும்போது நம் நிறத்துக்குக் கறுப்பாகத்தான் ஆறும் என்றார் டாக்டர்.

"இது ஈரல் இல்லையா டாக்டர்?" நான் கேட்டேன்.

"ஈரலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வெயில், சூடு, பிறகு குடும்பம். உங்க வீட்டில் யாருக்காவது இருந்ததா?"

அப்பாவுக்கு என்று சொன்னேன். அவர் காடு வெட்டி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி, வருஷமெல்லாம் வெயிலில் நின்றவர். "குடிச்சதால வந்ததுன்னு நினைச்சோம்." டாக்டர் எழுதிக்கொண்டே, "குடிச்சிருக்கலாம். ஆனா முகத்துக்கு வெயில் போதும்" என்றார். கக்கூஸ் பக்கம் போய் நின்ற பையனை நினைத்துக்கொண்டு நான் மேஜையைப் பார்த்தேன். மகள் என் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அழுதிருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

முதல் சில மாதம் மருந்தே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வாசனை இல்லாத ஒரு சோப்பு, தோல் ஆற ஒரு கிரீம், பிறகு சன்ஸ்கிரீன். சிவப்பு அடங்க ரொம்ப நாள் ஆனது. அடங்கின பிறகு அசெலாயிக் ஆசிட் கொடுத்தார். நிறத்தை மெதுவாக இறக்கும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். நியாசினமைடு இருக்கிற ஒரு லோஷன், நிறம் தோலின் மேலடுக்குக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளும், தோலையும் தேற்றும். மகள் வைத்திருந்த வைட்டமின் சி சீரத்தைக் கேட்டேன். இப்போது எரியும், பிறகு பார்க்கலாம் என்றார். எதுவும் பளிச்சென்று ஆக்காது, பளிச்சென்று ஆக்கினால் சந்தேகப்படுங்கள் என்றும் சொன்னார்.

சன்ஸ்கிரீனில்தான் எனக்கு மறுபடி மானம் போனது. அது நிறம் கலந்தது, பெண்கள் பூசும் மேக்கப் போல இருந்தது. வெள்ளையாக ஒன்று தரக்கூடாதா என்றேன். நிறம் வருவது அயர்ன் ஆக்சைடால், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதை இதுதான் தடுக்கும் என்றார். உச்சிவெயிலுக்கு முன்னால் இன்னொரு முறை போட வேண்டும், தொப்பியும் வேண்டும்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. கன்னத்தில் மங்கு பாதி இருந்தது. சம்பந்தி என் தோளைத் தொட்டு, உட்காருங்கள் என்று நாற்காலி இழுத்துப் போட்டார். அந்த முகத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசியதே இல்லை.

இப்போது கடைகளில் கிரீம் பெட்டி கையில் கிடைத்தால் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படிக்கிறேன். புரியாத பேர் இருந்தால் மகளுக்கு போட்டோ அனுப்புகிறேன், அவள் மறையூரில் இருந்து பதில் போடுகிறாள். மங்கு மழைக்காலத்தில் மங்கும், கோடையில் தலைகாட்டும். முழுசாகப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்கு விஷயம் தெரியும். யாரும் கேலி செய்வதில்லை, குறைந்தது என் எதிரில். ஆனாலும் மதியம் அந்த நிறக் கிரீமை எடுக்கும்போது நான் வண்டிக்கு அந்தப் பக்கம் போய், தேயிலைச் சரிவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறேன். அவசர அவசரமாகத் தடவுகிறேன். காதோரம் எப்போதும் விட்டுப்போகிறது.