ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம்

கதவுக்கு அந்தப் பக்கம் தொடர்ந்து நாலைந்து தும்மல். ஆள் இன்னும் தெரியவில்லை. தடுப்பூசி முகாம் என்றால் எங்கள் ஆலையில் முதலில் வருவது தும்மல், அப்புறம்தான் ஆள்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் முதலுதவி அறையில் நைட் ஷிப்ட் பார்ப்பவன் நான். புத்தகம் பார்த்துக் கட்டுப் போடக் கற்றவன். கொரோனா ஊசி முகாம் நடந்த அன்று, விடிந்தும் என்னை வீட்டுக்கு விடவில்லை. ஊசி போட்டவர்களை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரவு வேலைக்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா? விடிந்த பிறகு நம்மைத் தூங்கவிடாத எல்லாமே நமக்கு அலர்ஜிதான்.

கத்திரிக்காய்

தும்மியவர் கிரேன் ஓட்டும் முனுசாமி. கத்திரிக்காய் அலர்ஜியாம், அதனால் ஊசி வேண்டாமாம். "சாப்பிட்டா என்ன ஆகும்?" என்றார் நர்ஸ். "நெனச்சாலே ஒரு மாதிரி ஆவுது சிஸ்டர்." இந்த ஊசிக்கும் கத்திரிக்காய்க்கும் சம்பந்தமில்லை, வேண்டுமானால் வீட்டுக்குப் போன் போட்டு விசாரிக்கிறேன் என்றார் நர்ஸ். முனுசாமியின் கை தானாக ஊசிக்கு நீண்டது.

"ஊட்டாண்ட மட்டும் கேக்காதீங்க சிஸ்டர். இத்தச் சொல்லிதான் ரெண்டு வருசமா கத்திரிக்கா துன்னாம தப்பிச்சிக்கினு கீறேன்."

பெஞ்சில் அரிப்பு

ஊசி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் முழங்கையைச் சொறிந்தார். பக்கத்து ஆளும் சொறிந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெஞ்சு முழுக்கச் சொறிந்தது. எனக்கே முதுகு அரித்தது. நர்ஸ் ஓடி வந்து தடிப்பைப் பார்த்துவிட்டு, கொசுக்கடி என்றார்.

வெல்டர் ஏழுமலைக்கு மனசு ஆறவில்லை. "அதுவும் ஊசிதான சிஸ்டர்? கொசு கடிச்சா எவனும் அரை மணி நேரம் ஒக்கார வெக்கறதில்லியே."

ஒன்றும் இல்லை

கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் தேசம்மா மட்டும், "அலர்ஜிலாம் ஒண்ணும் இல்லண்ணா" என்று வரிசையில் நின்றாள். ஆள் நகர நகர என்னிடம் மெல்லக் கேட்டாள்: "மூஞ்சி வீங்கறதா இருந்தா, ஊசி போட்டு எவ்ளோ நேரத்துல வீங்கும்ணா?"

நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. முன்பு ஊத்துக்கோட்டையில் இவளுக்குக் காய்ச்சலுக்கு ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சடைத்து, ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போயிருக்கிறார்கள். ஊசி போடாதவர்களுக்குக் கேட்டுக்குள் இடமில்லை என்று கான்ட்ராக்டர் சொன்னதால் மறைத்துவிட்டாள். நர்ஸ் அவளுக்கு ஊசி போடவில்லை. டாக்டர் முடிவு சொல்லும்வரை இவளை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்று கான்ட்ராக்டரை வரவழைத்துச் சொன்னார். அவர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அன்றைக்கே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே விசாரித்து, அந்தப் பழைய மருந்து இந்த ஊசியில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அங்கேயே போட்டுவிட்டார்கள். முகம் வீங்கவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தவள் என் அறை வாசலில் நின்றாள்.

"அங்க ரொம்ப நேரம் சும்மா ஒக்கார வெச்சாங்கண்ணா. கேன்டீன்ல சேந்ததுலேர்ந்து நான் அவ்ளோ நேரம் ஒக்காந்ததே இல்ல."

இல்லாத அலர்ஜியைச் சொல்ல நம்மில் நூறு பேருக்கு வாய் இருக்கிறது, இருப்பதைச் சொல்லத்தான் வேலை போய்விடுமோ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தபடி, கட்டுப் போட எடுத்து வைத்திருந்த பஞ்சைக் கிள்ளி உருட்ட ஆரம்பித்தேன்.