வாசலில் ஒரு ஜோடி பச்சை ஷூ

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. நாத்தனார் மவுத்தான பிறகு அவளுடைய மூன்று பிள்ளைகளும் என்னோடு வந்துவிட்டார்கள். அந்த ஏழில் ஒன்றைக்கூட நான் எங்கேயும் தொலைத்ததில்லை. சந்தனக்கூடு கூட்டத்தில்கூட இல்லை. எப்படி என்கிறீர்களா? நான் தலையை எண்ண மாட்டேன். பிள்ளைகளின் தலை ஓரிடத்தில் நிற்காது. செருப்பை எண்ணுவேன்.

போன புதன்கிழமை அந்தப் பெருமைக்கு ஒரு சோதனை வந்தது.

மட்டாஞ்சேரியில் நான் சுக்கு கோடவுனில் வேலை பார்ப்பது வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். நடுவில் பெரிய முற்றம். சுற்றிலும் கூரைக்கு அடியில் மூட்டைகள். முற்றத்தில் காயும் சுக்கை நாங்கள் ஆறு பெண்கள் மரப்பலகையால் புரட்டுவோம், சொத்தை பொறுக்குவோம். அதன் மேல் செருப்புக் கால் படக் கூடாது. வருகிறவர் மந்திரியானாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும்.

போலந்து நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று வாரமாக எங்கள் தெருவில்தான் சுற்றினார்கள். பழைய கட்டடங்களைப் பற்றிய படிப்பாம். டேப் பிடித்து எங்கள் சுவர்களை எல்லாம் அளந்தார்கள். நான் சாய்ந்து உட்காரும் தூணைக்கூட விடவில்லை. புதன்கிழமை டேப் இல்லை. கடைசி நாள், ஊர் சுற்றிப் பார்க்கும் நாள். கூட்டி வந்தவன் நௌஷாத். ஆட்டோவும் ஓட்டுவான், கைடு வேலையும் பார்ப்பான்.

"உம்மா, பத்தே மினிட்டு. போட்டோ எடுத்துட்டுப் போகும். இன்னும் எட்டு இடம் பாக்கி உண்டு. நாலு மணிக்கு ஹோட்டல்லேந்து ஏர்போர்ட் பஸ்!"

டீச்சரையும் அவனையும் சேர்த்துப் பதினேழு ஜோடி. பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.

சிட்டுக்குருவிக் கூட்டம் போல வந்தார்கள், சிரித்தார்கள், க்ளிக் க்ளிக் என்றார்கள், பறந்துவிட்டார்கள். வாசலைப் பார்த்தேன். ஒரு ஜோடி பச்சைக் கேன்வாஸ் ஷூ மட்டும் நின்றது. குதிகால் மிதிபட்டு நசுங்கியிருந்தது.

உள்ளே தேடினேன். மூட்டை அடுக்குக்குப் பின்னால், வெயில் எட்டாத மூலையில், வைக்கோல் நிறத் தலைமுடியோடு ஒரு பெண். சாக்கில் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்து... அப்படி ஒரு தூக்கம்!

எங்கள் கோடவுனில் ஒரு வழக்கம் உண்டு. மதியத்தில் கண் அசந்தவளை யாரும் எழுப்பக் கூடாது. மேனேஜரே அந்தப் பக்கம் போனால் இருமலை அடக்கிக்கொண்டு போவார். ராவெல்லாம் கைக்குழந்தையோடு விழித்துவிட்டு வேலைக்கு வந்த பெண்கள் எத்தனை பேர்! நானும்தான். அந்தக் கொஞ்ச நேரம் மட்டுமே எங்களுடையதாக இருந்தது. அவளாக விழிக்கும்வரை அவள் பங்கை மற்றவர்கள் புரட்டிவிடுவோம்.

அந்தப் பெண்ணுக்கும் அதே மரியாதை. சாப்பிடத்தான் போயிருப்பார்கள், வந்து அழைத்துக்கொள்வார்கள் என்று இருந்தேன். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு யாராவது போவார்களா?

நேரம் போனது. முற்றத்து வெயில் மெதுவாக மஞ்சளாகியது. சுக்கில் பூசிய சுண்ணாம்புத் தூசி எழும்பி, வெளிச்சத்தில் மிதந்து, இறங்க மனசில்லாமல் அங்கேயே நின்றது. சுக்குச் சூட்டின் வாசனை. பலகை போகும் சத்தம். பலகையை மெதுவாகவே தள்ளினோம். அவள் தூக்கம் எங்கள் மேலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஷூவில் வெயில் விழுந்தது. எடுத்து நிழலில் வைத்தேன்.

தென்காசியிலிருந்து வந்திருக்கும் செல்விக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை.

"பெரியம்மா, எழுப்பிவிடுங்க. மணி மூணாச்சு. அவுக தேடுவாகள்ல?"

"சும்மா கெட. தூங்குற புள்ளைய எழுப்புற வழக்கம் இங்க கெடையாது."

"ப்ளேன்காரனுக்கு நம்ம வழக்கம் தெரியுமா?"

எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்ன சொல்லை உடனே மாற்றுவேனா? 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு மட்டும் வாசலிலேயே நின்றது.

அஸர் பாங்குக்குச் சற்று முன்னால் நௌஷாத் ஓடி வந்தான். சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"உம்மா! ஒரு பெண்குட்டியக் காணலை! கொட்டாரம் அரமனையில இல்ல, போட்டு ஏறுற ஜெட்டியில இல்ல..."

"சத்தம் போடாத. தூங்குறா."

அவன் அப்படியே நின்றான். "எந்தா உம்மா இது! ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"காணோம்னு எனக்கு எப்படிடா தெரியும்? நாங்க பாத்துக்கிட்டேதானே இருக்கோம்!"

பின்னாலேயே டீச்சர், கண்ணெல்லாம் சிவந்து. ஷூவோடு முற்றத்தில் இறங்கப் போனார். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "செருப்பு!" என்றேன். பாவம், ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே கழற்றினார்.

நடந்தது இதுதான். பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக விட்டிருக்கிறார்கள். கூட்டாளியைக் காணவில்லை என்றால் கை தூக்க வேண்டும். இவளுடைய கூட்டாளிக்கு அன்று காய்ச்சல், ஹோட்டலில் படுத்திருந்தாள். அதனால் இவளுக்காக யாருமே கை தூக்கவில்லை. எட்டு இடமும் பார்த்துவிட்டு ஹோட்டலுக்குத் திரும்பியபோது காய்ச்சல்காரிதான் கேட்டாளாம்: "என் ஆள் எங்கே?"

டீச்சர் எழுப்பினார். கன்னத்தில் சாக்கின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. எந்த ஊர், எந்த வீடு என்று தெரியாமல் எங்கள் ஆறு முகங்களையும் பார்த்தாள். பிறகு ஏதோ சொல்லிச் சிரித்தாள். டீச்சர் நௌஷாதிடம் சொல்ல, நௌஷாத் எங்களிடம் சொன்னான்.

"மூணு வாரமா சரியா உறக்கமில்லையாம். இப்ப உறக்கத்துல மழை பெய்ஞ்சதாம். நல்ல மழையாம்."

மழை எங்கே பெய்தது? அது நாங்கள் சுக்கு புரட்டிய சத்தம்.

ஷூவை நானே எடுத்துக் கொடுத்தேன். ஆட்டோ திரும்பி மறைந்த பிறகுதான் மூட்டையில் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளைக்கு ப்ளேன் போய்விட்டால்? ஏழு பேரை வளர்த்தவள் எட்டாவதைத் தொலைக்கவும் இல்லை, ஊர் சேர விடவும் இல்லை என்றல்லவா ஆகும்! இஷா தொழுகை முடியும்வரை போனை மடியிலேயே வைத்திருந்தேன்.

நௌஷாத் கூப்பிட்டான். "ஏறியாச்சு உம்மா. கடைசி ஆளா ஏறுச்சு." பஸ்ஸில் மற்றவர்கள் போட்டோக்களைக் காட்டி, "நீ எதையுமே பார்க்கவில்லையே" என்று கேலி செய்தார்களாம். அவள் சட்டைக் கையை நீட்டி, ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்க்கச் சொன்னாளாம்.

என் மேல் தப்புதான். எழுப்பியிருக்க வேண்டும். செல்வியிடமும் மறுநாள் சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன்... எட்டு இடம் பார்த்தவர்களில் யாருக்காவது எங்கள் கோடவுனில் மழை பெய்ததா?

நான் வாயால் எழுதுகிறவள், விரல் பேத்தியுடையது. சஃபியா, டைப் செய்தது போதும். எங்கே, முதலிலிருந்து வாசித்துக் காட்டு. நடுவில் நான் கண் அசந்தால் எழுப்பாதே... வாசலில் என் செருப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.