பிராச்சாந்தேவின் மண்ணைத் தேடி நெய்வேலிக்கு

என் கணவர் செல்வம் இத்தாலியில் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தார். அங்கே அந்த வேலைக்காரனுக்குப் பெயர் பிராச்சாந்தே. பிராச்சோ என்றால் கை. அதிலிருந்து வந்த சொல் என்று மேஸ்திரி சொன்னாராம். நிலமில்லாமல் கையை மட்டும் வைத்துப் பிழைக்கிறவன். "அங்கயும் நம்ம கத இதான? செத்தா எங்க ஊரு மண்ணுலயே போட்டுடு" என்று போனில் சிரித்தார். ஆடி மாதம் அங்கேயே போய்விட்டார். சாம்பல்தான் வந்தது. அவர் ஊரோ எப்போதோ நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. அதனால்தான் புரட்டாசியில் இந்தப் பயணம்.

பண்ருட்டியில் காலை ஏழரைக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் காசு இல்லை. முத்தாண்டிக்குப்பம் தாண்டினதும் சாம்பல் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மந்தாரக்குப்பத்தில் அவருடைய அண்ணன் கோவிந்தன் மாமா நின்றிருந்தார். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. ஷேர் ஆட்டோவில் சுரங்கத்தின் கேட்டுக்குப் போனோம்.

"உள்ள எதுக்கும்மா?" என்றார் காவலாளி.

"எங்க ஊரு உள்ள இருக்குதுங்க. வூட்டுக்காரரு சாம்பல போடணும்."

"பட்டா எதுனா வச்சிக்கினு இருக்கியா?"

"நெலம் இல்லீங்க. கூலிக்குப் போன ஆளுங்க."

"அப்புறம் எப்படி உங்க மண்ணு?"

காவலாளி மாமாவின் கழுத்தில் தொங்கிய பாஸைத் திருப்பிப் பார்த்தார். "உள்ள வேல செய்யற ஆளுக்கு ரூல் தெரியாதா? எழுதி அனுப்பட்டா?"

மாமா முகம் செத்துவிட்டது. அந்த பாஸ் போனால் அடுப்பு எரியாது. "வா சாந்தா, போலாம்."

நான் நகரவில்லை.

காவலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "பள்ளத்துல ஏதும்மா உங்க ஊரு? மேல்மண்ண மொதல்லயே வழிச்சி மேட்டுல கொட்டியாச்சு. அங்க போய்த் தேடு!"

விரட்டத்தான் சொன்னார். மாமா அப்படியே நின்றுவிட்டார். "அட ஆமாம்மா. தெனம் அது பக்கமாதான் சைக்கிள்ல போய்க்கினு இருக்கேன்."

இரண்டு கிலோமீட்டர் நடை. மலை மாதிரி நிற்கிறது அந்த மண்மேடு. வேலிக்கு வெளியே மண் சரிந்து கிடந்த இடத்தில் மாமா குந்தித் தோண்டினார். செக்யூரிட்டி ஜீப் சத்தம் கேட்டது. பாஸைச் சட்டைக்குள் தள்ளினார், தோண்டுவதை நிறுத்தவில்லை. ஜீப் மெதுவாகி, பிறகு போய்விட்டது.

"பதறாம போடும்மா. நாங்க நாத்து நட்ட மண்ணு. யாரையும் கேக்க வேணாம்."

போட்டேன்.

எங்களைப் போல ஊரில்லாதவர்கள் போவதென்றால் கேட்டுக்குப் போகாதீர்கள், மேட்டுக்குப் போங்கள். மழை நாளில் வேண்டாம், மண் சரியும். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் கடை இல்லை. போட்டதும் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். எழுந்து வரக் கால் வராது.