அம்மா பெயரில் ஓர் ஓட்டு

ஆரணியில் நான் மழைக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடத்தில் வாக்காளர் பட்டியலில் பெயர், விலாசம் மாற்றும் முகாம் நடக்கிறது. பெஞ்சில் என் பக்கத்தில் விசைத்தறி வேலைக்குப் போகும் ஒரு பெண். கணவனைப் பிரிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஓட்டு மட்டும் இன்னும் பக்கத்து ஊரான சேத்துப்பட்டில், அவன் விலாசத்தில் இருக்கிறது.

"போன எலெக்‌ஷனுக்கு அங்கதாங்க போனேன். வரிசைல முன்னாடி மாமியாரு, பின்னாடி நாத்தனாரு. யாரும் பேசல."

"போகாம இருந்திருக்கலாமே?"

"அவங்களுக்காக என் ஓட்ட உட முடியுங்களா?"

அவள் முறை வருகிறது.

"வீட்டுக்காரர் பேரு சொல்லும்மா" என்கிறார் மேசையில் இருக்கும் ஆசிரியர்.

"எங்கம்மா பேரு போடலாமா சார்?"

"தாராளமா போடலாம்."

"முனியம்மா" என்கிறாள். அவர் எழுதி முடிக்கும்வரை பேனாவையே பார்க்கிறாள்.

"அம்மாவுக்கு ஓட்டு எங்க?"

"இங்கதான் சார். இந்தத் தபா ரெண்டு பேரும் பேசிகினே போவோம்."