யார் மேல சந்தேகம்?

என் அக்கா வீட்டுக்காரர் அர்ஜுனனுக்கு யாரையும் நம்ப வராது. நான் பொறாமையில் சொல்லவில்லை, எங்கள் மீனவக் குப்பமே சொல்லும். டீக்கடையில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பார். பழவேற்காட்டு பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கேட்காமலே கொடுத்துவிட்டால், அதை ஏன் கொடுத்தான் என்று பொன்னேரி வரைக்கும் யோசிப்பார். "சாப்ட்டாச்சா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அந்த ஆள் தெருமுனை திரும்பியதும், எதுக்குக் கேட்டான் என்று அக்காவைப் போட்டுக் குடைவார். ஊரில் அவருக்கு சிஐடி என்றுதான் பெயர்.

இந்தக் குணத்துக்கு ஊர் ஒரு மரியாதையும் கொடுத்திருந்தது. ஏரியில் இறால் வலை கட்ட நல்ல இடமும் உண்டு, சப்பை இடமும் உண்டு. யாருக்கு எது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். அதைப் பாடு என்போம். குலுக்குகிற சொம்பு அர்ஜுனன் மாமா கையில்தான் இருக்கும். சீட்டு எடுக்க வருகிறவன் அவருடைய கூடப்பிறந்த தம்பியாகவே இருக்கட்டும், சட்டைக் கையை மடித்து, உள்ளங்கையை விரித்துக் காட்டிய பிறகுதான் சொம்புக்குள் கை விடமுடியும். அதனால் எங்கள் குப்பத்தில் பாடு பிரிப்பதில் ஒரு சண்டை வந்தது கிடையாது. இதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

கோளாறு எங்கே என்றால், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் அவர் அந்தச் சொம்பைக் கீழே வைக்கவில்லை. வைஷ்ணவி ஒரே பெண், பொன்னேரியில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறாள். முதலில் வந்த பையன் ரொம்பச் சிரிக்கிறான் என்று தட்டிவிட்டார். அடுத்தவன் சிரிக்கவே இல்லை என்று தட்டிவிட்டார். இன்னொருவனின் அம்மா வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாளாம், என்னத்தைத் தேடினாள் என்று கேட்டு அதுவும் போயிற்று. கூடப் படித்த பெண்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். இவள் இன்னும் சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கிக்கொண்டிருந்தாள். தாய்மாமன் நான், எனக்கு வயிறு எரியாதா?

இந்த நேரத்தில்தான் அந்தப் பனிக்காட்டுப் புத்தகம் வீட்டுக்குள் வந்தது. பழைய புத்தகக் கடையில் வைஷ்ணவி வாங்கியது, தமிழில் மாற்றி எழுதிய தடித்த நாவல். எங்கோ வடதேசத்துக் காடு, எப்போது பார்த்தாலும் பனி, நடுவில் உறைந்துபோன ஏரி. ஒருநாள் காலையில் ஒரு வீட்டுப் பெண்ணைக் காணோம். ஒரு போலீஸ்காரன் வீடு வீடாகப் போய் ஒவ்வொருவராகச் சந்தேகப்படுகிறான். மரம் வெட்டுகிறவன், பக்கத்து வீட்டுக்காரி, பள்ளி வாத்தியார், கடைசியில் அந்தப் பெண்ணின் அண்ணனைக்கூட விடவில்லை. தினத்தாளைத் தாண்டி எதையும் படிக்காத எங்கள் மாமா, வலை காயும் இடத்திலேயே உட்கார்ந்து அதைப் படித்தார். ஊரில் இல்லாத கூட்டாளி ஒருத்தன் புத்தகத்துக்குள் கிடைத்துவிட்டான் அல்லவா!

அவர் கொண்டாடிய கொண்டாட்டத்தில் புத்தகம் குப்பம் முழுக்கச் சுற்றியது. ஆளுக்கொரு பேச்சு. யாரோ ஏரியை நடந்தே கடந்திருக்கிறார்கள் என்று அந்தப் போலீஸ்காரன் மண்டையை உடைத்துக்கொள்கிற இடத்தில் எங்கள் குப்பத்துப் பூவரசன் புத்தகத்தை மூடிவிட்டான். ஏரியை நடந்து தாண்டுவதில் என்ன மர்மம், என் பெண்டாட்டி தினமும் இடுப்புத் தண்ணீரில் நடந்துதான் கையால் தடவி இறால் பிடிக்கிறாள் என்றான். அந்த ஊர் ஏரி ஆழமானது, பனி இறுகினால்தான் மேலே நடக்கமுடியும் என்று சொன்னால், அப்படி ஒரு ஏரி எதற்கு என்று கேட்டான். பால்வாடி டீச்சர் மேரி, படித்ததிலிருந்து தூக்கமே இல்லை, அருமையான கதை என்றார். இத்தனை பேர் வருகிறார்கள் போகிறார்கள், ஒருத்தர்கூட உட்கார்ந்து சாப்பிடவில்லையே, இதெல்லாம் ஒரு கதையா என்றாள் என் அக்கா கலைவாணி. எனக்கு மீன் கரையில் ஐஸ் உடைத்து விற்கிற பிழைப்பு. அவ்வளவு ஐஸ் சும்மா கிடந்து வீணாகிறதே என்று எனக்குப் படிக்கப் படிக்க ஆத்திரம்தான் வந்தது.

முடிவில்தான் ஊர் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பெண்ணை யாருமே கொல்லவில்லை. உறைந்த ஏரி மேல் அவளாகவே நடந்து போய், வேறு ஊரில் நன்றாக இருக்கிறாள். மேரி டீச்சர் அழுதேவிட்டார். மாமா கொதித்துப் போனார். இத்தனை பேரைச் சந்தேகப்பட வைத்துவிட்டு, கடைசியில் ஒருத்தனும் குற்றவாளி இல்லை என்பது ஏமாற்று வேலை, எழுதினவனை யாரோ மிரட்டி மாற்ற வைத்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னார். அப்போது வைஷ்ணவி, கீரை ஆய்ந்துகொண்டே, அந்த முடிவுதான் தனக்குப் பிடித்தது என்றாள். மாமா பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

அந்த வாரமே அஜித்குமார் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். ஆரம்பாக்கத்துப் பையன். ரயிலில் பொன்னேரிக்கு வந்து, படகு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். எங்கள் குப்பத்து மோட்டார் பாதி அவன் கை பட்டதுதான். வைஷ்ணவிக்கும் அவனுக்கும் பழக்கம் உண்டு என்பது மாமாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பனிக்காட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து பையன் கையில் கொடுத்தார். படித்துவிட்டு வா, யார் மேல் சந்தேகப்பட்டாய் என்று சொல், மற்றதை அப்புறம் பேசலாம் என்றார். பூ, பழத் தட்டோடு வந்த மனுஷர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மானமே போயிற்று.

இரண்டொரு நாள் கழித்து மாமா ஐஸ் பெட்டி பக்கம் வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். வைஷ்ணவி புதுசாக ஒரு பெரிய பேக் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறாளாம். கேட்டதற்குப் பழைய பேக்கில் ஜிப் போய்விட்டது என்றாளாம்.

"பரண்ல ஏறிப் பாத்தேன் மச்சான்," என்றார். "ஜிப்பு நல்லாத்தான் ஓடுது."

இவ்வளவு நாளும் அவர் சந்தேகத்தைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் பயமாகிவிட்டது. அக்காவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். யாரிடமும் எதையும் மறைக்காமல் குடைகிற ஆள், இதை மட்டும் மறைத்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் தினமும் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனார். சாயங்காலமும் போய் நின்றார். வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை அஜித்குமார் தனியாக வந்தான், புத்தகத்துக்குப் பேப்பர் சுற்றி. மாமா முதலில் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் கிரீஸ் கட்டைவிரல் பதிந்திருந்தது. படித்திருக்கிறான் என்று ஒப்புக்கொண்டார். கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"யார் மேலயும் இல்ல மாமா," என்றான் அவன். "அந்தக் குளுருல அந்தப் பொண்ணு ஸ்வெட்டர் எடுத்துக்கினு போச்சா இல்லியான்னுதான் எனக்கு ஓடிக்கினே இருந்துச்சு."

எனக்கு அந்தப் பையனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மாமா என் பக்கம் திரும்பினார். சந்தேகமே வராத மனுஷன் என்று உலகத்தில் ஒருத்தன் கிடையாது, இவன் எதையோ மறைக்கிறான் என்றார், அவனை வைத்துக்கொண்டே. பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான், இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

அடுப்படியிலிருந்து வைஷ்ணவி வந்து வாசற்படியில் நின்றாள். கை ஈரத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"நைனா, அந்த ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லார் மேலயும் சந்தேகப்பட்ட. அவ ஏன் போனான்னு மட்டும் நீ கேக்கவே இல்ல."

மாமா புத்தகத்தின் அட்டையை ஒருமுறை தடவினார். பிறகு, "ஏன் போனா?" என்றார்.

"வீட்ல ஒருத்தரும் அவள நம்பல. அதான்."

அக்கா குறுக்கே ஏதோ சொல்ல வந்தாள், நான் சாடை காட்டி நிறுத்தினேன். மாமாவின் குரல் இறங்கிப் போயிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு கேள்வியை அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நீயும் போயிடுவியா?"

வைஷ்ணவி மறைக்கவில்லை. "ஜிப்பு போச்சுன்னு சொன்னது பொய் நைனா," என்றாள்.

"தெரியும்."

"நீ அனுப்பி வெச்சா, நெனச்சப்பல்லாம் உன்னப் பாக்க வருவேன். நானா போனா வரமாட்டேன். வரவும் முடியாது."

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அக்காதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அஜித்குமாருக்கு இருப்பதா போவதா என்று தெரியவில்லை. எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

மாமா எழுந்து உள்ளே போனார். பெஞ்சை இழுக்கிற சத்தம் கேட்டது, பரண் மேல் சாமான்கள் உருண்டன. பழைய பேக்கோடு வந்தார், தலையெல்லாம் ஒட்டடை. அதன் ஜிப்பைப் பையன் முன்னாலேயே ஒருமுறை முழுசாகத் திறந்து, முழுசாக மூடிக் காட்டிவிட்டு, மகள் கையில் கொடுத்தார்.

"இது இன்னும் நல்லாத்தான் இருக்குது," என்றார். "இங்க வந்து போறதுக்கு இத வெச்சுக்கோ. கல்யாணத் துணிய அந்தப் புதுசுல அடுக்கு."