முந்திரி உடைத்த கை எது?

என் தம்பி பொய் சொன்னான்.

நான் உடையார்பாளையத்தில் முந்திரிக்காடு வைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் அவன்தான் என்னைக் கரீபியன் தீவு ஒன்றுக்கு அழைத்துப் போனான். எங்கள் இருவருக்கு மட்டும் அரை நாளுக்கு ஒரு கார், ஒரு வழிகாட்டி. வழியில் ஒரு முந்திரி மரத்தைக் காட்டிய வழிகாட்டி, உங்கள் ஊரில் எப்படி உடைப்பீர்கள் என்று கேட்டார்.

"கொட்டைத் தோல் எண்ணெய் பட்டா கை பொத்துப்போயிடும், சாம்பல் பூசிட்டுத்தான் உடைப்போம்னு சொல்லுடா" என்றேன்.

தம்பி ஆங்கிலத்தில் சொன்னான். அவர் அசந்துபோய் அவன் கையைக் குலுக்கினார். தம்பி தன் போனை என்னிடம் தந்து படம் எடுக்கச் சொன்னான். எடுத்தேன்.

"என்னடா சொன்ன?"

"சின்ன வயசுல நான் உடைச்சேன்னு சொன்னேண்ணே. சும்மா ஒரு பேச்சுக்கு."

அவன் ஒரு கொட்டைகூட உடைத்ததில்லை. படிக்கட்டும் என்று நான்தான் விடவில்லை.

அந்த எண்ணெயில் கறுத்த என் விரல்களை வழிகாட்டியின் முன் நீட்டினேன். அவர் தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தம்பி தலைகுனிந்தான்.

அழைத்துப் போனவனை அசிங்கப்படுத்தியது தப்பு. அது பொறாமைதான். அவன் படிப்பும் கனடாவும் அவனுக்கே இருக்கட்டும், என்னிடம் இருப்பது இந்த வேலை ஒன்றுதான்.

ஆனால் நேற்று அதே படத்தைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு, 'என் அனுபவத்தைக் கேட்டு அசந்துட்டார்' என்று எழுதியிருக்கிறான்.

தம்பி, முந்திரி உடைத்தது யார்? அந்தக் குரூப்பிலேயே, எல்லோரும் பார்க்கச் சொல்லு.